செந்தில் பாலாஜி பெயில்: கேஸ் நகராததாலயே திறந்த கதவு

போக்குவரத்து கழக வேலைக்கு பணம் வாங்குன குற்றச்சாட்டுல மாட்டுன தமிழ்நாடு முன்னாள் மந்திரி செந்தில் பாலாஜி, சுப்ரீம் கோர்ட் பெயில் கொடுத்து 2024 செப்டம்பர் 26 சாயங்காலம் புழல் ஜெயில்ல இருந்து வெளிய வந்தாரு, 471 நாள் உள்ள இருந்துட்டு. அன்னைக்கு எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. பெரியப்பா ஒருத்தர் "சுப்ரீம் கோர்ட்டே நிரபராதின்னு சொல்லிருச்சு, இனி யாரும் பேசக்கூடாது"ன்னு போட்டாரு, அதுக்கு மச்சான் "பணம் இருந்தா பாதாளம் வரைக்கும் பாயும், பெயில் எம்மாத்திரம்"னு போட்டான். ரெண்டு பேருமே தீர்ப்பை படிக்கல, படிச்சிருந்தா ரெண்டு பேருக்குமே ஏமாற்றமாத்தான் இருந்திருக்கும். ஏன்னா அதுல நிரபராதின்னும் சொல்லல, பெரிய வக்கீல் வச்சதால கொடுத்தோம்னும் சொல்லல (அப்படி எந்த தீர்ப்புலயும் எழுத மாட்டாங்க, அது வேற விஷயம்). முகாந்திரமே இல்லாத கேஸ்னு இந்த கட்டத்துல சொல்றது ரொம்ப கஷ்டம்னுதான் அந்த தீர்ப்புலயே இருக்கு. அப்புறம் ஏன் விட்டாங்க? கேஸ் முடியவே முடியாதுங்கிற மாதிரி கிடக்கு, அதுவரைக்கும் ஒரு ஆளை உள்ளயே வச்சிருக்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

இந்த ஒரு கேஸை பிடிச்சுக்கிட்டா பெரிய குற்றச்சாட்டுல மாட்டுனவங்களுக்கு கோர்ட் எப்படி பெயில் முடிவு பண்ணுதுங்கிறது முக்கால்வாசி புரிஞ்சிரும், அதான் எழுதுறேன். கட்சி அரசியல் பேச வரல. நான் வக்கீலும் இல்ல, ஆனா ஒரு காலத்துல கோர்ட் வராண்டாவுல நிறைய உக்காந்திருக்கேன், அது பின்னாடி சொல்றேன்.

முதல்ல சாதாரண கேஸ் எப்படின்னு பாத்துருவோம். அடிதடி, திருட்டு, மோசடி இந்த மாதிரி கேஸ்ல ஒருத்தரை ரிமாண்ட் பண்ணிட்டா, பெயில் மனு வரும்போது ஜட்ஜ் பாக்குறது பெரும்பாலும் மூணு விஷயம். ஆள் ஓடிருவாரா, ஆதாரத்தை அழிப்பாரா, சாட்சியை மிரட்டுவாரா. இதோட குற்றம் எவ்வளவு பெருசு, பழைய கேஸ் இருக்கா, தண்டனை எவ்வளவு வரலாம்னும் பாப்பாங்க. கொலை கேஸ்னா கீழ் கோர்ட்ல சீக்கிரம் கிடைக்காது, செஷன்ஸுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போகணும், ஆனா அங்கயும் அளவுகோல் இதேதான். தண்டனையை முன்கூட்டியே அனுபவிக்க வைக்கிறதுக்காக உள்ள வைக்கக்கூடாது, விசாரணைக்கு ஆள் வரணும், அதுக்கு என்ன தேவையோ அதை செஞ்சா போதும், இதான் அடிப்படை. 1977ல கிருஷ்ண ஐயர் எழுதுன ஒரு சின்ன தீர்ப்புல இருந்துதான் "பெயில் விதி, ஜெயில் விதிவிலக்கு"ன்னு எல்லாரும் சொல்ற பேச்சு வந்துச்சு. போலீஸ் குறிப்பிட்ட நாளுக்குள்ள, அதாவது குற்றத்தைப் பொறுத்து 60 இல்ல 90 நாளுக்குள்ள, குற்றப்பத்திரிகை போடலேன்னா பெயில் உரிமையாவே வந்துரும், அதுக்கு டிஃபால்ட் பெயில்னு பேரு.

ஆனா சில சட்டங்கள் இருக்கு, அதுல இந்த கணக்கே தலைகீழ். போதைப்பொருள் சட்டம், பயங்கரவாத கேஸ்களுக்கு போடுற யுஏபிஏ, அப்புறம் நம்ம கேஸ்ல வர்ற சட்டவிரோத பணப்பரிமாற்ற தடுப்பு சட்டம், பிஎம்எல்ஏ. இந்த பிஎம்எல்ஏவோட 45வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அரசு வக்கீல் எதிர்த்தாருன்னா, இந்த ஆள் குற்றம் செஞ்சிருக்க மாட்டார்னு நம்ப காரணம் இருக்கு, வெளிய விட்டா இன்னொரு குற்றம் செய்ய மாட்டாரு, இந்த ரெண்டும் ஜட்ஜுக்கு திருப்தியா இருந்தாத்தான் பெயில். யோசிச்சுப் பாருங்க, விசாரணையே ஆரம்பிக்கல, ஒரு சாட்சியை கூட குறுக்கு விசாரணை பண்ணல, அதுக்குள்ள குற்றம் பண்ணிருக்க மாட்டார்னு ஜட்ஜை நம்ப வைக்கணும். பரீட்சை எழுதுறதுக்கு முன்னாடியே பாஸ் மார்க் காட்டச் சொல்ற மாதிரி. இந்த இரட்டை நிபந்தனையை அப்ப இருந்த வடிவத்துல சுப்ரீம் கோர்ட்டே 2017 நவம்பர்ல தூக்கி போட்டுச்சு, அடுத்த வருஷமே பார்லிமென்ட் திருத்தம் பண்ணி மறுபடி கொண்டு வந்துச்சு, 2022 ஜூலை 27ல மூணு ஜட்ஜ் பெஞ்ச் செல்லும்னு சொல்லிருச்சு. அந்த விஜய் மதன்லால் தீர்ப்புக்கு அப்புறம் ஈடி, அதாவது இந்த சட்டத்துல கேஸ் போடுற அமலாக்கத்துறை, அதோட கேஸ்ல மாட்டுனா அவ்வளவுதான்னு ஒரு பயம் நாடு முழுக்க வந்துச்சு.

சரி, கேஸுக்கு வருவோம். செந்தில் பாலாஜி 2011ல இருந்து 2015 வரைக்கும் ஜெயலலிதா அமைச்சரவைல போக்குவரத்து மந்திரி. அந்த டைம்ல போக்குவரத்து கழகங்கள்ல டிரைவர், கண்டக்டர், ஜூனியர் டிரேட்ஸ்மேன், இன்ஜினியர் வேலைகளுக்கு ஆள் எடுத்தாங்க, அதுல வேலை வாங்கித் தரேன்னு பணம் வாங்குனாங்கங்கிறதுதான் குற்றச்சாட்டு. முதல்ல போலீஸ் போட்ட கேஸ்ல மந்திரி பேரே இல்ல, பணம் கொடுத்து ஏமாந்தவங்க ஹைகோர்ட்டுக்கு போயி, மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்ததுக்கு அப்புறம்தான் அவர் உள்ள வந்தாரு. நடுவுல அவர் அமமுக போயி, 2018 டிசம்பர்ல திமுகவுக்கு வந்து, 2021ல மறுபடி மந்திரி ஆனாரு, மின்சாரம், மதுவிலக்கு ரெண்டும் அவர்கிட்டதான். அதே 2021ல ஒரு கேஸை ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சு, காரணம் என்னன்னா பணம் கொடுத்தவங்களும் வாங்குனதா சொல்றவங்களும் சமாதானமா போயிட்டாங்களாம். வாய்க்கால் வரப்பு தகராறு மாதிரி அரசாங்க வேலை லஞ்ச கேஸ் சமாதானம் ஆச்சு! 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த ரத்தை ரத்து பண்ணுச்சு, ஊழல்ங்கிறது சமூகத்துக்கு எதிரான குற்றம், ரெண்டு பேரு கை குலுக்கி முடிச்சுக்கிற விஷயம் இல்லன்னு. இந்த சமாதான சமாச்சாரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இது திரும்பி வரும்.

இந்த போலீஸ் கேஸ்களை அடிப்படையா வச்சுத்தான் ஈடி 2021ல பணப்பரிமாற்ற கேஸ் போட்டுச்சு. 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஈடி விசாரணைக்கு இருந்த தடங்கலை எல்லாம் விலக்குச்சு, ஜூன் 13 வீட்லயும் தலைமைச் செயலகத்துலயும் ரெய்டு, 14ஆம் தேதி விடியறதுக்குள்ள அரெஸ்ட். நெஞ்சு வலின்னு ஓமந்தூரார் ஆஸ்பத்திரி, அப்புறம் தனியார் ஆஸ்பத்திரியில பைபாஸ் ஆபரேஷன். அந்த ரெண்டு மாசம் நடந்ததெல்லாம் தனிக்கதை. கவர்னர் ஒரு நாள் ராத்திரி மந்திரி பதவியில இருந்து நீக்குறேன்னு அறிவிச்சு சில மணி நேரத்துலயே நிறுத்தி வச்சாரு. ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனுவுல ரெண்டு ஜட்ஜ் ரெண்டு விதமா சொல்லி மூணாவது ஜட்ஜுக்கு போச்சு. ஆகஸ்ட் 7ல சுப்ரீம் கோர்ட் ஈடி கஸ்டடி எடுக்கலாம்னு முடிச்சு வச்சுச்சு. இதுல எனக்கு ஒரு சின்ன சுவாரஸ்யம், அந்த தீர்ப்பை எழுதுனவரு நம்ம ஈரோட்டுக்காரர் ஜஸ்டிஸ் சுந்தரேஷ், 2022ல தேவையில்லாம அரெஸ்ட் பண்ணாதீங்க, பெயிலை இழுத்தடிக்காதீங்கன்னு நாடு முழுக்க கோர்ட்டுகளுக்கு நீளமா வழிகாட்டுதல் எழுதுனவரும் அவரேதான். முரண்பாடுன்னு சொல்ல வரல, கைது செல்லுமாங்கிறதும் பெயில் கொடுக்கணுமாங்கிறதும் தனித்தனி கேள்வி. நம்ம டிவி விவாதத்துலதான் ரெண்டையும் போட்டு குழப்புவாங்க.

அப்புறம் ஆரம்பிச்சது பெயில் படலம். ஆகஸ்ட் 12ல ஈடி குற்றப்பத்திரிகை போட்டாச்சு, அதனால டிஃபால்ட் பெயிலுக்கு வழியில்ல. செப்டம்பர்ல செஷன்ஸ் கோர்ட் முடியாதுன்னுச்சு. அக்டோபர்ல ஹைகோர்ட்ல உடம்பு சரியில்லங்கிற காரணத்தை வச்சு கேட்டாங்க. ஏன்னா அந்த 45வது பிரிவுலயே ஒரு சின்ன சந்து இருக்கு, 16 வயசுக்கு கீழ உள்ளவங்க, பெண்கள், நோயாளிகள் இவங்களுக்கு இரட்டை நிபந்தனை இல்லாமலே பெயில் கொடுக்கலாம்னு. ஹைகோர்ட் ஒத்துக்கல, சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாங்க, நவம்பர் கடைசியில அங்கயும் இது அப்படி ஒண்ணும் அவசர நிலை இல்லைங்கிற மாதிரி ஜட்ஜுகள் பேச, மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. இவ்வளவு நாளும் அவர் இலாகா இல்லாத மந்திரி. ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டே மந்திரி, அதுக்கு சம்பளமும் உண்டு. வெளிய விட்டா சாட்சியை கலைப்பாருன்னு ஈடி சொல்றதுக்கு இதை விட வசதியான காரணம் வேணுமா, வக்கீலுங்க யாராவது சொல்லியிருப்பாங்க போல, 2024 பிப்ரவரியில ராஜினாமா பண்ணாரு. அதே மாசம் 28ஆம் தேதி ஹைகோர்ட் ரெண்டாவது தடவையும் தள்ளுபடி பண்ணுச்சு, ஆனா ஒண்ணு சேர்த்து சொல்லுச்சு, விசாரணையை தினமும் நடத்தி மூணு மாசத்துல முடிங்கன்னு.

மூணு மாசம்! அப்ப கேஸ் எந்த நிலைமையில இருந்துச்சு தெரியுமா. இங்கதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் நிதானமா பாப்போம்.

பணப்பரிமாற்ற கேஸ்ங்கிறது தனியா நிக்காது. முதல்ல ஒரு மூல குற்றம் வேணும், இங்க அது போலீஸ் போட்ட வேலைக்கு லஞ்சம் கேஸ்கள், மொத்தம் மூணு. அந்த குற்றத்துல வந்த பணம்தான் "குற்றப் பணம்", அதை மறைச்சதுதான் பிஎம்எல்ஏ கேஸ். மூல கேஸ்ல எல்லாரும் விடுதலைன்னு ஆயிருச்சுன்னா குற்றப் பணம்னு ஒண்ணே இல்ல, ஈடி கேஸும் விழுந்துரும். அதனால ஈடி கேஸை மட்டும் மூணு மாசத்துல ஓட்டி முடிச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, மூல கேஸ் முடியணும். அந்த மூல கேஸ்ல பெரிய கேஸை எடுத்துக்கிட்டா குற்றம் சாட்டப்பட்டவங்க 2000 பேருக்கு மேல. சாட்சிகள் 500க்கு மேல. இன்னும் சார்ஜே ஃபிரேம் பண்ணல, அதாவது கோர்ட் குற்றச்சாட்டை பதிவு கூட பண்ணல, எல்லாருக்கும் ஆவண காப்பி கொடுக்குற வேலையே முடியல. 2000 பேருக்கு சம்மன் போயி, 2000 பேரு வக்கீல் வச்சு, ஒருத்தர் ஆஸ்பத்திரி ஒருத்தர் கல்யாணம் ஒருத்தர் சபரிமலைன்னு வாய்தா கேட்டு, ஒவ்வொரு சாட்சிகிட்டயும் அத்தனை வக்கீலும் குறுக்கு விசாரணை பண்ணி... கோர்ட் பக்கம் ஒரு தடவை போனவங்களுக்கே தெரியும், நாலு அக்யூஸ்ட் இருக்கிற கேஸ்லயே நாலு பேரும் ஒரே நாள்ல வர்றது அபூர்வம்.

ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல வாதம் நடந்தப்ப கேஸோட உள்விஷயமும் பேசுனாங்க. ஈடி கையில இருந்த முக்கியமான ஆதாரம் ஒரு எக்ஸெல் ஃபைல், அதுல 67 கோடிக்கு மேல வரவு கணக்கு இருக்குன்னாங்க, பாலாஜி தரப்பு அப்படி ஒரு ஃபைலே கைப்பற்றுன பென் டிரைவ்ல இல்ல, நடுவுல சொருகிட்டாங்கன்னாங்க. அவர் பேங்க் அக்கவுன்ட்ல 1.34 கோடி கேஷா விழுந்திருக்குன்னு ஈடி சொல்லுச்சு, அது எம்எல்ஏ சம்பளமும் விவசாய வருமானமும்னு இவங்க சொன்னாங்க. ஜட்ஜுங்க அபய் ஓகாவும் அகஸ்டின் ஜார்ஜ் மசியும் இதுக்குள்ள ரொம்ப இறங்கல. முகாந்திரம் இல்லன்னு சொல்ல முடியாதுன்னு முடிச்சுட்டாங்க. அதாவது இரட்டை நிபந்தனை பரீட்சையில அவர் பாஸ் ஆகல. அங்கயே கேஸ் முடிஞ்சிருக்கணும், 2022 தீர்ப்பை மட்டும் பாத்தா.

ஆனா இன்னொரு வாசல் இருந்துச்சு, அந்த வாசலை தொறந்தது கேரளாவுல நடந்த ஒரு கொடூரமான கேஸ். 2010ல தொடுபுழா காலேஜ் பேராசிரியர் ஒருத்தரோட கையை வெட்டுனாங்கல்ல, வினாத்தாள்ல மத நிந்தனைன்னு சொல்லி, அந்த கேஸ்ல தலைமறைவா இருந்து 2015ல மாட்டுன நஜீப்னு ஒருத்தர் யுஏபிஏல உள்ள இருந்தாரு. விசாரணை நகரல, இன்னும் 276 சாட்சி பாக்கி. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2021 பிப்ரவரி 1ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, சட்டத்துல பெயிலுக்கு எவ்வளவு கெடுபிடி இருந்தாலும், அது சீக்கிரம் விசாரணை நடக்கும்ங்கிற நம்பிக்கையில போட்ட கெடுபிடி, விசாரணை நடக்காதுன்னு ஆயிருச்சுன்னா அந்த கெடுபிடி கரைஞ்சிரும், அரசியல் சாசனத்தோட 21வது பிரிவு, உயிர் வாழுற சுதந்திரமா வாழுற உரிமை, அதுதான் மேல நிக்கும்னு. சட்டத்தை செல்லாதுன்னு சொல்லல. கதவை உடைக்கல, கதவுக்கு ஒரு டைம் லாக் வச்சாங்க. அந்த நஜீப் தீர்ப்பை எழுதுனது ஜஸ்டிஸ் சூர்ய காந்த். இந்த பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

2024 ஆகஸ்ட் 9ல டெல்லி மதுபான கேஸ்ல மணீஷ் சிசோடியாவுக்கு 17 மாசம் கழிச்சு பெயில் கொடுத்தது இதே லாஜிக்லதான், கவாயும் நம்ம பொள்ளாச்சிக்காரர் விஸ்வநாதனும் இருந்த பெஞ்ச், கீழ் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் பெயில் விஷயத்துல நமக்கு எதுக்கு வம்புன்னு சேஃபா ஆடுறாங்கன்னு நேரடியாவே சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப சரின்னு பட்டுச்சு. பெரிய கேஸ்ல பெயில் கொடுத்த ஜட்ஜைத்தான் நாலு பேரு திட்டுவான், கொடுக்காத ஜட்ஜை எவனும் கேக்க மாட்டான்.

செந்தில் பாலாஜி தீர்ப்பு அந்த வரிசையில வந்ததுதான், ஆனா ஒரு படி மேல போச்சு. பெயில் கெடுபிடியும் விசாரணை தாமதமும் ஒண்ணா சேர்ந்து இருக்க முடியாதுன்னு தெளிவா எழுதுனாங்க. ரெண்டுல ஒண்ணை வச்சுக்கோ, ஒண்ணு கெடுபிடியா சட்டம் போடு, சீக்கிரம் விசாரிச்சு முடி. இல்ல, மெதுவா விசாரிக்கிறதுன்னா ஆளை வெளிய விடு. பிஎம்எல்ஏல பொதுவா அதிகபட்ச தண்டனையே ஏழு வருஷம், மூல கேஸ் சில வருஷத்துல கூட முடியுற மாதிரி தெரியல, அப்படின்னா தண்டனை இல்லாமலே தண்டனையில பெரும்பகுதியை அனுபவிச்சுருவாரு. இதுக்கு நடுவுல ஒரு பத்தி எழுதியிருக்காங்க, நீண்ட காலம் ஜெயில்ல இருந்துட்டு கடைசியில சுத்தமா விடுதலை ஆகுறவங்க கதி என்ன, அவங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கணுமாங்கிற கேள்வியை ஒரு நாள் கோர்ட்டுங்க எடுத்துத்தான் ஆகணும்னு. ஈடி வக்கீலுங்களுக்கு அதை படிச்சப்ப எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாத்தேன்.

கண்டிஷன்களும் லேசுப்பட்டது இல்ல. 25 லட்சத்துக்கு பாண்டு, அதே தொகைக்கு ரெண்டு ஷூரிட்டி (பொறுப்பேத்து கையெழுத்து போடுற ஆளுங்க), பாஸ்போர்ட் ஒப்படைக்கணும், வாரம் திங்கள் வெள்ளி பகல் 11ல இருந்து 12க்குள்ள சென்னை ஈடி ஆபீஸ்ல கையெழுத்து, மாசத்தோட முதல் சனிக்கிழமை மூல கேஸ் விசாரணை அதிகாரிகிட்ட ஆஜர், சாட்சிகள்கிட்ட பேசக்கூடாது, வாய்தா வாங்கி இழுத்தடிக்கக்கூடாது.

ஷூரிட்டின்னு சொன்னதும் நான் வராண்டாவுல உக்காந்த கதை ஞாபகம் வருது. எங்க சித்தப்பா பையன் ஒரு அடிதடி கேஸ்ல மாட்டி (கூட்டத்தோட கூட்டமா நின்னான், அவ்வளவுதான்) பத்து நாள்ல பெயில் கிடைச்சிருச்சு, தலா பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு ஷூரிட்டி. பெயில் ஆர்டர் கையில இருக்கு, ஆள் வெளிய வர மேல எட்டு நாள் ஆச்சு. ஏன்னா ஷூரிட்டிக்கு வர்றவங்க வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கொண்டு வரணும், விஏஓ சர்டிபிகேட் வேணும்னாங்க, ரசீது அப்பா பேர்ல இருக்கு செல்லாதுன்னாங்க, சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு கோர்ட் பக்கமே வரமாட்டேன்னுட்டாங்க. கடைசியில சித்தியோட பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க வந்து கையெழுத்து போட்டாங்க, சித்தி இன்னைக்கும் தீபாவளிக்கு அந்த அக்கா வீட்டுக்குத்தான் முதல் பலகாரம் கொண்டு போகும். பத்தாயிரம் ரூபா ஷூரிட்டிக்கே இந்தப் பாடு, அங்க 25 லட்சம் ஷூரிட்டி அன்னைக்கு சாயங்காலமே ரெடி. 2022 கடைசி கணக்குப்படி இந்திய ஜெயில்கள்ல 5,73,220 பேரு இருந்தாங்க, அதுல 4,34,302 பேரு விசாரணைக் கைதிங்க, நூத்துக்கு 75க்கு மேல. தாமதம்னா பெயில்ங்கிற விதி உண்மையில அவங்களுக்காகத்தான் இருக்கணும். ஆனா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 21வது பிரிவை வாதாட அவங்ககிட்ட பஸ் காசு கூட இருக்காது, கீழ் கோர்ட்ல இந்த விதியை தானா எடுத்து சொல்றவங்களும் ரொம்ப கம்மி. ஈடி கேஸ் வரைக்கும் அந்த தீர்ப்புலயே இன்னொரு சிக்கலும் இருக்கு, இந்த அதிகாரம் அரசியல் சாசன கோர்ட்டுகளுக்கு, அதாவது ஹைகோர்ட் சுப்ரீம் கோர்ட்டுக்குன்னு எழுதியிருக்காங்க, செஷன்ஸ் ஜட்ஜ் அதைப் படிச்சா இது நமக்கு இல்லன்னு ஒதுங்கிக்கலாம்.

சரி, வெளிய வந்தாரு. வந்து மூணாவது நாள், செப்டம்பர் 29, மறுபடி மந்திரி. அதே மின்சாரம், மதுவிலக்கு. இதைத்தான் எவனும் எதிர்பாக்கலன்னு சொல்ல மாட்டேன், எல்லாரும் எதிர்பாத்ததுதான், ஆனா கோர்ட் எதிர்பாக்கல. பணம் கொடுத்து ஏமாந்த தரப்புல இருந்து பெயிலை திரும்ப வாங்குங்கன்னு மனு போச்சு, டிசம்பர்ல அதே ஜஸ்டிஸ் ஓகா ஆச்சரியப்பட்டாரு, நாங்க பெயில் கொடுக்குறோம், நீங்க போயி உடனே மந்திரி ஆகுறீங்க, சாட்சிகளுக்கு பயம் வராதான்னு. அங்கதான் அந்த பழைய சமாதான கதை திரும்பி வந்துச்சு. முன்னாடி மந்திரியா இருந்தப்பதான் புகார்தாரருங்க சமாதானத்துக்கு வந்தாங்கன்னு 2022 தீர்ப்புலயே பதிவாகி இருக்கே. 2025 ஏப்ரல் 23ல கோர்ட் நேராவே கேட்டுருச்சு, பதவி வேணுமா சுதந்திரம் வேணுமா, திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு. கேஸ்ல பலம் இல்லன்னு நாங்க பெயில் கொடுக்கல, 21வது பிரிவுக்காக கொடுத்தோம்னும் ஞாபகப்படுத்துனாங்க. 27ஆம் தேதி ஞாயித்துக்கிழமை ராஜினாமா, 28ஆம் தேதி அதை பதிவு பண்ணிட்டு பெயிலை ரத்து பண்ற மனுவை முடிச்சு வச்சாங்க. ஆக அவர் பெயில்ல இன்னொரு எழுதாத கண்டிஷனும் இருந்துச்சு, மந்திரி நாற்காலியில உக்காரக்கூடாதுன்னு. அதை ஏன் முதல் நாளே எழுதலங்கிறது என் கேள்வி. பிப்ரவரியில ராஜினாமா பண்ணவர் செப்டம்பர்ல என்ன பண்ணுவாருன்னு யோசிக்க பெரிய சட்டப் படிப்பு எல்லாம் தேவையில்லையே.

ஆனா என்னை ரொம்ப உறுத்துறது அது இல்ல, அந்த 2000. யாரு இந்த 2000 பேரு? பெரும்பாலும் வேலைக்காக பணம் கொடுத்ததா சொல்றவங்க. நகையை வச்சு, வட்டிக்கு வாங்கி, பையனுக்கு கண்டக்டர் வேலை கிடைக்கும்னு கொடுத்தவங்க. லஞ்சம் கொடுக்குறதும் குற்றம்தான், சட்டப்படி அவங்களை சேக்க முடியும். ஆனா லஞ்ச கேஸ்ல கொடுத்தவனை சாட்சியா வச்சாத்தான வாங்குனவன் மாட்டுவான், கொடுத்தவனையும் குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டா அவன் எதுக்கு வாயைத் திறப்பான்? அதோட கேஸும் மலை மாதிரி வீங்கிரும். வீங்குன கேஸ் நகராது. நகராத கேஸ்ல நஜீப் விதிப்படி பெயில். இந்த குற்றப்பத்திரிகை எல்லாம் போட்டது தமிழ்நாடு போலீஸ், அந்த போலீஸ் அப்ப யாரோட அரசாங்கத்துக்கு கீழ இருந்துச்சு, அந்த அரசாங்கத்துல மந்திரியா இருந்தது யாருன்னு பாத்தீங்கன்னா ஒரு வட்டம் தெரியும். திட்டம் போட்டுத்தான் பண்ணாங்கன்னு நான் சொல்லல, அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா தாமதத்துக்காக பெயில் கொடுக்கும்போது அந்த தாமதத்தை யாரு உருவாக்குனதுன்னு கோர்ட் ஒரு பத்தியாவது தோண்டியிருக்கணும்னு எனக்கு படுது. தொடுபுழா கேஸ்ல உள்ள இருந்தவருக்கு அரசாங்கத்துல ஆள் இல்ல, சாட்சிப் பட்டியலை நீட்டவோ குறைக்கவோ அவரால முடியாது. இங்க நிலைமை வேற. அதுக்காக பெயில் கொடுத்தது தப்புன்னு நான் நினைக்கல, 471 நாள் உள்ள இருந்த ஒரு ஆளுக்கு எதிரா சார்ஜ் கூட ஃபிரேம் ஆகாம மூல கேஸ் கிடக்கும்போது வேற முடிவு எடுக்க முடியாது, பெரியப்பாகிட்டயும் மச்சான்கிட்டயும் இதைத்தான் சொன்னேன், ரெண்டு பேருக்குமே பிடிக்கல.

இந்த கேள்வி கடைசியில கோர்ட்டுக்கும் வந்துச்சு, வேற பெஞ்சுக்கு. குற்றப்பத்திரிகைகளை எல்லாம் ஒண்ணா சேக்கலாம்னு ஹைகோர்ட் சொன்னதை எதிர்த்து பாதிக்கப்பட்ட தரப்பு மேல போனாங்க, 2025 ஜூலை கடைசியில விசாரணை. பெஞ்சுல இருந்தது ஜஸ்டிஸ் சூர்ய காந்த், ஆமா, நஜீப் தீர்ப்பை எழுதுன அதே ஆள்தான். 2000 பேருக்கு மேல அக்யூஸ்ட், 500 சாட்சியா, இதை நடத்த கோர்ட் ஹால் பத்தாது, கிரிக்கெட் ஸ்டேடியம் வேணும்னு சொன்னாரு. மந்திரி உயிரோட இருக்கிற வரைக்கும் கேஸ் முடியக்கூடாதுன்னு பண்ற மாதிரி இருக்கேன்னு தமிழ்நாடு அரசு வக்கீல்கிட்ட கேட்டாங்க. அப்புறம், இதுல யாரு யாரு அக்யூஸ்ட், யாரு யாரு சாட்சி, முழுப் பட்டியலை கொண்டு வாங்கன்னாங்க.